அதே மைக்குல பதில் சொல்லுங்க

சரி சார், நான்தான் எழுதினேன். இல்லன்னு எப்ப சொன்னேன்? மனு எழுதின காலேஜ் பொண்ணாலதான் எல்லாம் கெட்டுதுன்னு வில்லியனூர் பூரா சொல்லிக்கிட்டு வர்றீங்களே ஹெட்மாஸ்டர் சார், அதுல பாதி நெசம். மீதிப் பாதி உங்களுது. அத நீங்க சொல்ல மாட்டீங்க, நான் சொல்றேன்.

மனு எழுதறதுன்னா மத்தவங்க வூட்டு அழுகைய நல்ல தமிழ்ல எழுதிக் குடுக்கற வேல. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல எங்க மாமாவோட மேசை. அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து காலேஜ் இல்லாத நாள்ல நான் உக்கார்றேன். இந்தத் திறந்த லெட்டரப் படிக்கிற மத்தவங்களே, நீங்களும் "நாளைக்கு வா"ன்னு கேட்டுக் கேட்டு செருப்பு தேஞ்சவங்கதான, உங்களுக்குப் புரியும்.

மதகு

ஒதியம்பட்டு கோவிந்தசாமி கரும்பு வெவசாயி. அவரு கழனிக்குப் போற வழில மதகு ஒடஞ்சு மூணு வருஷமா மனு குடுத்துக்கிட்டிருந்தாரு. மாமா எழுதினதெல்லாம் "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்". எனக்கு எரிச்சல். "மதகில் விழுந்து பள்ளிச் சிறுவனின் கால் முறிந்தது"ன்னு ஒரு வரி சேத்துட்டேன். விழுந்தது அவரோட பசு.

பத்து நாள்ல ஓவர்சியர் வந்துட்டாரு. எங்கய்யா அந்தப் புள்ளன்னு கேட்டிருக்காரு. இவரு அசராம, மாமியார் வூட்டுல வுட்டுருக்கேன்னு சொல்லிட்டாரு. மதகு கட்டினப்புறம் எனக்கு ஒரு கட்டு கரும்பு கொண்டாந்து போட்டுட்டு சொன்னாரு: "அடுத்த வாட்டி பசுவுன்னே எழுதும்மா, வந்தா காட்டறதுக்குப் பசுவாவது கையில இருக்கும்."

பின்கட்டுல குடியிருந்தவங்க

நான் எழுதினா வேல நடக்கும்னு கோவிந்தசாமிக்கு நம்பிக்க வந்துடுச்சு. அதனாலதான் அவரு வூட்டுப் பின்கட்டுல குடியிருந்த ரெண்டு பேர எங்கிட்ட கூட்டியாந்தாரு. இலங்கைலேர்ந்து போட்ல வந்த ஒரு அம்மா, அவங்க பொண்ணு வதனி. வயசு பதினஞ்சு. உங்க பள்ளிக்கூடத்துல ஒம்பதாவது சேரணும், சர்டிபிகேட் இல்ல, நடுவுல ரெண்டு வருஷம் படிப்பும் இல்ல. அதுக்கு உங்களுக்கு ஒரு மனு.

ஏன் படிப்பு நின்னுதுன்னு கேட்டேன். வதனி எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டா. அவ முடி கழுத்து வரைக்கும்தான் இருந்துது. அந்த அம்மா கொரல எறக்கிச் சொன்னாங்க. ட்யூஷன் முடிஞ்சு வந்தவள ஒரு வேன்ல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருக்கானுங்க, துப்பாக்கி வெச்சிருந்த ஆளுங்க. முடிய வெட்டி, அடிச்சு, ஆயுதத்தக் கையில குடுத்து. ஓடிப்போனா தம்பியத் தூக்குவோம்னு மெரட்டி. எட்டு மாசம் கழிச்சுதான் தப்பிச்சு வந்தாளாம். எந்தக் குழுன்னு கேட்டேன். "எந்தக் குழுவெண்டா என்ன பிள்ளை, எல்லாரும் தமிழ்தான் கதைச்சவை."

டொபி

அந்த அம்மா உள்ள கிளார்க்கப் பாக்கப் போனாங்க. வதனி வந்து மேசை ஓரத்த நகத்தால சொரண்டிக்கிட்டு நின்னா. நான் ஒண்ணும் கேக்கல, அவளேதான் சொன்னா. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு வெள்ள யூனிபார்ம் மாட்டி வுட்டு, ஒரு கடையில ஒரு பார்சல வெச்சுட்டு வரச் சொல்லியிருக்கானுங்க. தம்பி பேரச் சொல்லித்தான் அனுப்பியிருக்கானுங்க. வெச்சுட்டு வந்தா. தெரு முனை திரும்பறதுக்குள்ள கடை இல்ல.

"கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளையெண்டு நினைச்சு எனக்கு ஒரு டொபி தந்தவர் அக்கா. அதை வாயில வச்சுக்கொண்டுதான் வெளியில வந்தனான்."

தாண்டின பாரா

போர்னால படிப்பு நின்னுதுன்னு மட்டும் எழுதுங்கோன்னுதான் அந்த அம்மா கேட்டாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. அந்த டொபி மிட்டாய எழுதல. ஆனா "கடத்தப்பட்டு, ஆயுதம் ஏந்திக் கட்டாயமாகத் தாக்குதலில் ஈடுபடுத்தப்பட்ட சிறுமி"ன்னு ஒரு பாரா எழுதிட்டேன். படிக்கிற மனுஷனுக்கு மனசு எறங்கும்னு நெனச்சேன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி மனுவ மொத்தமும் படிச்சுக் காட்டணும். ஆளு தூங்கி வழிஞ்சாலும் மாமா எழுப்பிப் படிப்பாரு. நான் அந்தப் பாராவ மட்டும் தாண்டிட்டேன். வதனி காதுல விழ வேணாம்னுதான்னு சொல்லிக்கலாம். படிச்சா அத அடிச்சுடச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், அதான் நெசம். கண்ணாடி இல்லாம அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துப் போட்டுட்டு சொன்னாங்க: "உங்கட எழுத்து வடிவா இருக்கு பிள்ளை."

பிரேயர்

சேக்க முடியாதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அனுப்பியிருக்கலாம் நீங்க. திங்கக்கெழம பிரேயர்ல மைக்கப் புடிச்சு, துப்பாக்கி தூக்கின பொண்ணு ஒண்ணு சேர வந்துது, உங்க பாதுகாப்புக்காக வேணாம்னுட்டேன்னு அறிவிச்சீங்க. சாயங்காலத்துக்குள்ள ஒதியம்பட்டு பூரா தெரிஞ்சுடுச்சு. கொழாயடில வதனியப் பாத்து பசங்க சுட்டுடாதன்னு கையத் தூக்கிக்கிட்டு நின்னுதுங்க. போலீசு ரெண்டு தடவ வந்து விசாரிச்சுட்டுப் போச்சு.

அவங்கள வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரோன்னு பயந்துக்கிட்டு கோவிந்தசாமிகிட்ட ஓடினேன். கரும்புத் தோகைய உரிச்சுக்கிட்டே சொன்னாரு: "இருக்கட்டும்மா, நான் போவச் சொல்லல, ஆனா அந்தப் பொண்ணு நாலு நாளா வாயத் தொறக்கல."

நடவு

போன வாரம் அவள கழனில பாத்தேன். நடவுக்குப் போறா. பள்ளிக்கூடத்துக்குன்னு அவங்கம்மா முன்னாடியே தெச்சு வெச்ச நீலப் பாவாடையத் தூக்கிச் செருகியிருந்தா, முட்டி வரைக்கும் சேறு. வரப்புல நின்னு, அந்தப் பாராவப் படிச்சுக் காட்டாதது என் தப்புன்னேன். நாத்த ஊனிக்கிட்டே, நிமிராம சொன்னா: "நீங்கள் பொய் ஒண்டும் எழுதேல்லை அக்கா, அதுதான் வினையாப் போச்சு."

பொய் எழுதினா மதகு வருது, நெசத்த எழுதினா பள்ளிக்கூடம் சாத்திக்குது, மூணு வருஷ மனு வேலையில நான் கத்துக்கிட்டது இவ்ளோதான்.

என் தப்ப இங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இந்தத் தடவ டொபி வரைக்கும் ஒரு வரி தாண்டாம வதனிக்கும் அவங்கம்மாவுக்கும் படிச்சுக் காட்டி, சரின்னப்புறம்தான் போடறேன். இப்ப உங்க மொற. எங்க வூட்டுக்கு லெட்டர் வேணாம், மாமாகிட்ட சொல்லி அனுப்பவும் வேணாம். வர்ற திங்கக்கெழம பிரேயர்ல, அதே மைக்குல, அதே புள்ளைங்க முன்னாடி சொல்லுங்க சார்: ட்யூஷன் முடிஞ்சு வூட்டுக்கு நடந்து வந்தது தவிர, வதனி தானா செஞ்ச தப்பு இன்னா?