ஆத்தா வந்த டிரம்

என் அக்கா சரிதாவுக்கும் அவள் கணவர் அங்கமுத்துவுக்கும் நடுவில், கல்யாணமான நாளிலிருந்தே ஏதோ ஒரு டிரம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரையும் ஏறிட்டுப் பேச மாட்டார். பெண் கொடுக்கும்போது எங்கள் அப்பா இதையெல்லாம் விசாரித்தார். டிரம்மைப் பற்றி விசாரிக்க யாருக்குத்தான் தோன்றும்?

வேலை நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில். தகடு வளைப்பார், கேபினுக்குள் ரெக்சின் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் எருமப்பட்டி வீட்டு மாடியில் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் டிரம்கள், கல்யாண பேண்டு செட்காரர்கள் கைவிட்டவை, சர்க்கஸ் கூடாரத்தில் அடித்து ஓய்ந்தவை எல்லாம் அங்கே இருக்கும். துரு நீக்கி, கிழிந்த தோலை மாற்றி, திருகு திருகாக முடுக்கி, கடைசியில் ஒரே ஒரு தட்டுத் தட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்து விலை கேட்டபோது, மோர் கொடுத்து வழியனுப்பி வைத்தார். டிரம் வளையத்துக்கு அத்தனை பக்குவமாக எண்ணெய் போடத் தெரிந்த மனுசனுக்கு, அக்கா தலைக்கு ஒரு நாள் எண்ணெய் வைக்கத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அதுதான்.

போன மாசியில் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். மகள் கயல்விழி பிரசவத்துக்கு வரப்போகிறாள், கொட்டகையைப் பிரித்துவிட்டு நல்ல அறையாகப் போட வேண்டும், டிரம் எல்லாம் சித்திரைக்குள் கீழே இறங்க வேண்டும். மாமா தலையாட்டினார். தலையாட்டிய அதே வாரம் சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கௌதமன் என்பவர் தன் பழைய வீட்டை இடிக்கிறார், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தாராம். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். உடம்பைச் சுற்றி ஒட்டிய, முத்துப்போல் மின்னும் வெள்ளை மேலொட்டு.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கையில் இருப்பது தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் துளி கிள்ளித் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார்கள். மாமா அந்த மேலொட்டில் நகக்கண் அளவு கிள்ளி அப்படிப் பார்த்திருக்கிறார். குச்சி கிட்டே போவதற்குள் குப்பென்று எரிந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. கற்பூர வாசம் மட்டும் மிச்சம். விவரம் தேடியதில், அது அந்தக் காலத்தில் சினிமா பிலிம் செய்த சரக்கு என்று தெரிந்துகொண்டார். செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். வெயிலில் கெடக் கெட வாசம் விடும். பற்றிக்கொண்டால் அணைக்கவே முடியாது. இவ்வளவும் முதல் நாளே அவருக்குத் தெரியும், எங்களுக்குத்தான் வெகுநாள் தெரியாது.

மறுநாள் சண்டை போடத்தான் அக்கா மாடி ஏறினாள். வாசலிலேயே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்த டிரம் முன்னால் கைகூப்பி நின்றாள். கற்பூரம் ஏற்றாத இடத்தில் கற்பூரம் மணக்கிறது என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? கொட்டகையைப் பிரிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. பிழைத்தது டிரம், மாமா வாயைத் திறக்கவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கு. பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் வந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்தது. வெள்ளையாக இருந்த டிரம் பழுப்பு மஞ்சளானது. ஆத்தா மஞ்சள் பூசிக்கொண்டாள் என்றார்கள். வாசம் காரமேறி எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. ஆத்தா முன்னால் அழுதால் பாரம் குறையும் என்றார்கள். அந்தக் காரம் பட்டுப் பக்கத்தில் இருந்த டிரம்களின் புதுத் திருகெல்லாம் துருப்பிடித்தபோது மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்தது மாமா ஒருவர்தான்.

அவர் செய்ததெல்லாம் விளக்கைத் தள்ளி வைத்ததுதான். எண்ணெய் தெறித்தால் தோல் கெட்டுவிடும் என்பார். அக்கா திரும்பக் கிட்டே இழுத்து வைப்பாள். வாசலில் இரண்டு வாளி மணல் வந்தது. எதற்கு என்று கேட்டேன், வேப்பங்கன்று வைக்க என்றார். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். பக்தி முற்றிவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். அவர் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, காரணம்தான் எனக்குத் தெரியவில்லை.

வைகாசியில் கயல்விழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் குழந்தையை டிரம்மின் காலடியில் கிடத்திக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று அக்கா நேர்ந்துகொண்டாள்.

அதைக் கேட்டபின் மாமா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். டிரம்மிலிருந்து உதிர்ந்த சில்லு ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அதில் தீக்குச்சி வைத்தார். முழ உயரத்துக்குச் சுவாலை எழுந்து அடங்கியது. பெண்கள் பயந்து பின்வாங்குவார்கள் என்று நினைத்திருப்பார். காளியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாம்பல்கூட விடாமல் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு பங்கானது.

நேர்த்திக்கடனும் அன்றுதான். காலையிலேயே வாசத்தின் காரத்தில் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. கயல்விழி குழந்தையைப் பாயில் கிடத்தினாள். குழந்தை இருமியது. அக்கா தட்டில் கற்பூரத்தைக் குவித்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தாள். படியில் இருந்த மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அக்காவைத் தொட்டுப் பிடித்து அன்றுதான் பார்த்தேன்.

“பத்த வெக்காத சரிதா. இது ஆத்தா இல்ல, பிலிம் செய்யற சரக்கு. பத்துச்சுன்னா ஒருத்தரும் வெளிய போக முடியாது. எனக்கு மொத நாளே தெரியும்.”

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நான் படியிறங்கிவிட்டேன். அக்கா தட்டைக் கீழே வைத்து, எரிந்துகொண்டிருந்த விளக்குத் திரியை வெறும் விரலால் நசுக்கி அணைத்தாள் என்று கயல்விழி பிற்பாடு சொன்னாள். காளியாத்தாள் போகும்போது ஏதோ சாபம் விட்டுக்கொண்டே போனாள்.

மத்தியானம் மாமா அந்த மேலொட்டை ஈரச் சாக்கில் சுற்றிச் சுற்றி உரித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். புருவம் கருகியிருந்தது. அடுப்படியில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா வாசற்படியிலேயே நின்று, இனிமேல் பயமில்லை, முழுக்க உரித்துவிட்டேன், மற்ற டிரம்களையும் நாளைக்கே இறக்கிவிடுகிறேன் என்றார்.

அக்கா நிமிரவில்லை.

“ஏனுங்க, பாப்பாவக் கொண்டாந்து படுக்க வெச்சதும் ஓடியாந்து சொன்னீங்களே. அத்தன வெள்ளிக்கெழம அது பக்கத்துல வெளக்கு வெச்சுட்டு உக்காந்திருந்தது நானுங்க. எனக்குன்னு ஒரு நாளும் சொல்லோணும்னு தோணலையா?”

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு என் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.