புகைபோக்கியில் ஒரு பொட்டு

கோயம்புத்தூருக்கும் கடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் இங்கே கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நான், இருபது வருடமாகப் பழைய பயணிகள் கப்பல்களின் படங்களையும் வரலாறுகளையும் சேர்த்து வருகிறேன். எந்தக் கப்பலை எங்கே கட்டினார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கடைசியில் எங்கே உடைத்தார்கள் என்பதெல்லாம் என் ஆல்பத்தில் இருக்கும். கல்யாணப் பந்தியில் ஒருவர் தன் தாத்தா ஏறிய கப்பலைப் பற்றித் தப்பாகச் சொன்னால்கூட விடமாட்டேன். "வரலாறுன்னா சரியா இருக்கோணுமுங்க" என்று ரசம் ஊற்றும்வரை திருத்துவேன். அதனாலேயே என் பக்கத்து இலை பெரும்பாலும் காலியாக இருக்கும்.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்த ஜோடிக் கப்பல்கள் இரண்டு. முதலில் கட்டியதை அக்காள் என்றும் அடுத்ததைத் தங்கை என்றும் சொல்வேன். அக்காளின் படம் என்னிடம் இருந்தது, தங்கையின் படம் இல்லை. தங்கைக்காக ஹால் சுவரில் ஆணி அடித்து ஒன்பது வருடம் காத்திருந்தேன். அந்த ஆணியில் என் மனைவி மளிகைக்கடைக் காலண்டரை மாட்டிவிட்டாள்.

போன வருடம் ஸ்காட்லாந்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். என்னைப் போலவே கப்பல் பைத்தியம். அவரிடம் தங்கையின் படம் இரண்டு பிரதி இருந்ததாம். அக்காளை ஸ்கேன் செய்து அனுப்பினால் ஒன்றைத் தருவதாக எழுதினார். உடனே அக்காளைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிரைண்டர், மிக்ஸி, ஸ்கூட்டர், ஸ்கேனர் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து லட்சணமாக இருந்தன. கப்பல் படத்திலும் ஒரு பொட்டு இருந்தது.

"என்ன அம்மணி, இப்பிடிப் பண்ணிப்போட்டே?"

"எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இத மட்டும் உட்டா நல்லாவா இருக்குமுங்க? நெத்தி எதுன்னுதான் தெரியலீங்க. உசரமா இருந்த எடத்துல வெச்சுப்போட்டேன்."

உயரமாக இருந்தது புகைபோக்கி. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் படமும் சேர்ந்து உரியும். கருப்பு வெள்ளையில் தெரியாது என்ற நப்பாசையில் அப்படியே ஸ்கேன் செய்து, வாயைத் திறக்காமல் அனுப்பிவிட்டேன்.

புகைபோக்கியில் உள்ள அடையாளத்தை வைத்துத்தான் கப்பல் எந்தக் கம்பெனியுடையது என்று நாங்கள் கண்டுபிடிப்போம். என் ஸ்கேனில் சந்தனம் வெள்ளை வட்டமாகவும் குங்குமம் நடுவே கரும்புள்ளியாகவும் விழுந்திருந்தன. இப்படி ஓர் அடையாளத்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று பெரியவர் குதியாய்க் குதித்து எழுதினார். தங்கையின் படமும் தபாலில் வந்தது. கூடவே அவர் திருத்தி எழுதிய வரலாறு: அக்காள் சிறிது காலம் பெயர் தெரியாத ஒரு கீழைநாட்டுக் கம்பெனியிடம் இருந்தாளாம்.

காலண்டரைக் கழற்றிவிட்டுத் தங்கையை மாட்டினேன். மூன்று நாள் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஊரையெல்லாம் திருத்தியவன், ஒரு படத்துக்கு ஆசைப்பட்டு ஒரு கிழவரைப் பொய் எழுத வைத்துவிட்டேன். நாலாம் நாள் ஆயுத பூசை என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதி, படத்தைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். பதில் வரும்வரை ஆணி சும்மா இருக்க வேண்டாம் என்று மனைவி தங்கையை இறக்கிவிட்டுக் காலண்டரை மறுபடி மாட்டினாள்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. படம் எனக்கே என்று எழுதியிருந்தார். வரலாற்றையும் திருத்திவிட்டாராம். 'புகைபோக்கி அடையாளம்: மஞ்சள்தூள், குங்குமம். இட்டவர்: கோயம்புத்தூரில் ஒரு வீட்டு எஜமானி.' சந்தோஷம் தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துக் காட்டினேன்.

ஆணியிலிருந்து காலண்டரை எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"மஞ்சத்தூளுன்னுங்களா போட்டிருக்காரு? நான் வெச்சது சந்தனமுங்க. மாத்தச் சொல்லி எழுதிப்போடுங்க. வரலாறுன்னா சரியா இருக்கோணுமுங்களே."