நல்ல காலின் எலும்பு

பிள்ளைகள், நாளைக்கு ஒப்பரேசன். அதன் பிறகு கொஞ்சக் காலம் அப்பாவால் கதைக்க ஏலாது. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன்.

வாயில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், பிடித்தது உங்களுக்குத் தெரியும். நோய் போனது. ஆனால் அந்தக் கரண்டில் கீழ்த்தாடை எலும்பும் செத்துக்கொண்டு வந்தது. கடைவாய்ப் பல் ஆடியது. பிறகு நாடிக்குக் கீழே தோல் வெடித்து எலும்பு வெளியே தெரிந்தது. மணமும் வந்தது. சின்னவள் சாப்பிடும்போது கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். பிள்ளை, கோபமில்லை. எனக்கே பொறுக்க ஏலாத மணம். அன்றிலிருந்துதான் கஞ்சிக் கோப்பையோடு குசினிக்குள் அடுப்படியில் போய் இருந்தேன்.

செத்த எலும்பை வெட்டிவிட்டு, காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வைக்கலாம் என்றார் டொக்டர். "நடக்கலாம் ஐயா. பாரம் தாங்கிறது மற்ற எலும்பு."

நான் இடது காலை நீட்டினேன். இடம்பெயர்ந்தபோது ஷெல் துண்டு பட்ட கால். பழுதானது இன்னும் பழுதானால் என்ன? வலது கால் இருந்தால்தான் வெங்காயத் தோட்டத்தில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறலாம்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது காலில் ஒரு இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது.

"இதிலை எடுத்தால் எலும்பும் தப்பாது, பாதமும் தப்பாது. வலதுதான்."

"தாடையிலை ஒட்டாமல் போனால்?"

"சிலருக்குப் போயிருக்கு" என்றார். மறைக்கவில்லை.

நான் மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பின்னேரம் அம்மா வந்தா.

"இஞ்சாருங்கோ, விதைவெங்காயம் எந்தக் குவியலிலை எடுக்கிறனீங்கள்? அழுகினதிலையோ?"

"எடியே, அது வெங்காயம்."

"ஓம். வெங்காயத்துக்குக் குடுக்கிற மரியாதையை உங்கடை வாய்க்கும் குடுங்கோவன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "நீங்கள் குசினிக்குள்ளை ஒளிச்சிருந்து கஞ்சி குடிக்கிறதை நான் எத்தினை காலம் பாக்கிறது?" என்று மட்டும் கேட்டா.

கையெழுத்து வைத்தேன். வீரத்தில் இல்லை. உங்களோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட வேறு வழி தெரியவில்லை.

இன்று டொக்டர் வலது காலில் பேனையால் கோடு கீறினார். அசைக்காமல் வைத்திருக்கப் பார்த்தேன், கால் நடுங்கியது. கோடு கோணியது. துடைத்துவிட்டுத் திரும்பக் கீறினார்.

"ஒட்டாட்டி என்ன செய்யிறது, டொக்டர்?"

"அப்ப பாப்பம்" என்றார், காலைப் பார்த்தபடியே.