உருக்கில் நான் அடித்த திகதிகள்

1974ஆம் ஆண்டு பங்குனி மாதம், திருகோணமலைத் துறைமுகக் கரையில் இருந்த ஒரு சிறிய பட்டறையில் இது நடந்தது. மூதூருக்குப் பயணிகளை ஏற்றி ஓடும் இரண்டு மோட்டார் லோஞ்சுகளைப் பராமரிப்பது எங்கள் வேலை. இரண்டுக்கும் ஒரே முதலாளி. பட்டறைக்கு நான் பொறுப்பு.

திகதி விடயத்தில் நான் எப்போதும் பிடிவாதக்காரன். எந்தச் சாமானை எப்போது கழற்றினோம், எப்போது பூட்டினோம் என்பதெல்லாம் என் கொப்பிகளில் இருக்கும். ஒரு மார்கழி மழையில் கூரை ஒழுகி அந்தக் கொப்பிகள் கூழாகிப் போயின. அதன் பிறகு நான் காகிதத்தை நம்பவில்லை. லோஞ்சைக் கரைக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும், தண்ணீருக்குள் லோஞ்சைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் உருக்குத் தண்டைத் துடைத்து, விசிறிக்குச் சற்று முன்னால், சட்டென்று கண்ணில் படும் இடத்தில், அன்றைய திகதியை எண் அச்சால் அடித்துவிடுவேன். சுத்தியலால் நன்றாக ஓங்கி, உப்பு அரித்தாலும் அழியாதபடி.

கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். "அண்ணன் இரும்புக்கெல்லாம் சாதகம் எழுதுறார்" என்று சிரிப்பார். முதலாளியோ வருகிறவர்களுக்கெல்லாம் அந்த எண்களைக் காட்டிப் பெருமைப்படுவார்.

உலோகங்களைப் பற்றியும் நான் தேடித்தேடி வாசித்தவன். உருக்கை வார்க்கும்போது குமிழ் உள்ளே தங்கிவிடும், காய்ச்சி அடிக்கும்போது மடிப்பு புதைந்துவிடும் என்பதெல்லாம் தெரியும். புதுத் தண்டு வந்தால் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம், மூதூரிலிருந்து வந்த லோஞ்ச் கொட்டியாரக் குடாவின் நடுவில் நின்றுவிட்டது. தண்டு உடைந்து விசிறி கடலுக்குள் போய்விட்டது. மீன்பிடி வள்ளங்கள் கட்டியிழுத்துக் கரை சேர்த்தன. நல்ல வேளையாகக் காற்று இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை உடைந்த தண்டைக் கழற்றி வெயிலில் வைத்தோம். உடைந்த முகத்தின் ஒரு பாதி, உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. அது முந்தின நாள் ஒரேயடியாக முறிந்த பகுதி. மற்றப் பாதி வழுவழுப்பாக, மட்டி ஓட்டில் இருப்பதைப் போல வளைந்த வரிகளோடு இருந்தது. மாதக் கணக்காக, தண்டு சுற்றச் சுற்ற, வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்த தடங்கள் அவை. எல்லா வரிகளும் விளிம்பில் ஒரே புள்ளியைச் சுற்றி வளைந்திருந்தன.

கடைசல்காரர் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன், கோபிக்காதீங்க. இது உங்கட ஏழு."

நான் அடித்த ஏழின் கால் சரிபாதியாகப் பிளந்திருந்தது. தண்டு அதிகம் வளைந்து நிமிரும் இடத்தில், நானே ஒரு காயத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

கூச்சப்படக்கூட நேரம் இருக்கவில்லை. மற்ற லோஞ்ச் பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். அதன் தண்டிலும் என் திகதிகள், இதைவிடக் கூடுதலாக.

இறங்குதுறைக்கு ஓடினேன். கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேரளவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளியிடம் லோஞ்சை நிறுத்தச் சொன்னேன்.

"என்ன ஐசே கதைக்கிறீர்? போன மாதம்தானே பார்த்துத் திகதியும் அடிச்சனீர்?"

"அந்த அடியாலதான் மற்றது உடைஞ்சது. பிழை என்னுடையது. இதைக் கடலுக்கு அனுப்ப ஏலாது."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்தது. லோஞ்சுக்குள் இருந்த ஒரு பெரியவர், "இரும்புக்கும் காய்ச்சலா, தம்பி?" என்று கேட்க, பின்னாலிருந்து ஒரு பெண், "மாப்பிள்ளை நீந்தித்தான் போகணும் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் லோஞ்சைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க விடாமல் அதன்மேல் ஏறி நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

கடைசியில் முதலாளி வேறொருவரின் லோஞ்சைப் பேசி, முணுமுணுத்தபடி அவர்களை அனுப்பிவைத்தார். எங்கள் லோஞ்சைக் கரைக்கு இழுத்து விசிறியைக் கழற்றினோம். எண்கள் இருந்த இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊறிய துணியைச் சுற்றிவைத்தோம். பிறகு நன்றாகத் துடைத்து, சுண்ணாம்பை மெல்லிதாகப் பூசிக் காயவிட்டோம். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் சுண்ணாம்பில் கசிந்து வரும்.

முதலாளி பக்கத்திலேயே நின்றார். "ஒண்டும் இல்லையெண்டால் தெரியும்தானே?" என்றார்.

"ஓம், தெரியும்" என்றேன்.

வெள்ளைப் பூச்சில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கடைசல்காரர் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், ஒரு நான்கின் காலிலிருந்து தலைமயிர் போன்ற ஈரக்கோடு ஒன்று கிளம்பியது. தண்டின் சுற்றளவில் கால்வாசி வரை போய் நின்றது.

முதலாளி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "புதுத் தண்டு ரெண்டுக்குச் சொல்லும். அந்த நம்பர் அச்சுப் பெட்டியை என்னட்டத் தாரும்."

கொடுத்துவிட்டேன். அடுத்த நாளும் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு எத்தனையோ இயந்திரங்களைத் திருத்தியிருக்கிறேன். ஆனால், கவனமாக இருக்கிறேன் என்ற பெருமையில் நான் செய்த பிழையை, முப்பது பேர் கடலுக்குப் போவதற்கு முன் என் வாயாலேயே சொன்னேனே, அதுதான் என் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.