முப்பத்தொன்றாவது புள்ளி

"தோள்ல கச்சிதமா நிக்குது. கைதான் பத்தல" என்று முனகியபடி, வளைகோட்டார் கணினித் திரையில் ஒரு கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டிப் பார்க்கிறார். மழை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அவருக்கு இந்தத் தையற்கார வேலைதான்; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். ஒவ்வோர் ஊரிலும் வருடத்துக்கு ஒருநாள் கொட்டித் தீர்த்த பெருமழையைப் புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் நிகழ்தகவுக் கோட்டைத் தேட வேண்டும். கோடு பொருந்திவிட்டால், நூறு வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு கொட்டும் என்று சொல்லிவிடலாம். பாலம் கட்டுகிறவர்கள் அதை நம்பித் தூணை உயர்த்துவார்கள்.

"நாளைக்கு மழை வருமா சார்?" என்று கேட்டால் மட்டும் முகம் சுண்டிவிடும். "அது பக்கத்து ரூம். இங்க நூறு வருஷத்துக்குக் குறைச்சலா எதுவும் கிடையாது."

புள்ளிகளைப் "பசங்க" என்பார். ஒருமுறை யாரோ குறும்புக்கு அவர் தாளில் பேனாவால் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்துவிட்டார்கள். உட்காருவதற்கு முன்பே பிடித்துவிட்டார்: "இவன் நம்ம வீட்டுப் பையன் இல்லையே!"

இன்று ஆற்றோர ஊர் ஒன்றின் முறை. முப்பது பசங்க சமர்த்தாகக் கோட்டில் உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் எட்டாத உயரத்தில் தனியாக நிற்கிறான். பாலத்துக்கான அறிக்கை சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் எட்டிப் பார்க்கிறாள். "அந்த ஒண்ணைத் தூக்கிடுங்க சார். கோடு அம்சமா உக்காந்துடும், பாலமும் ஒரு மீட்டர் குறையும். மேல இருக்கறவங்களுக்கு ஒரே குஷிதான். மழைமானி ஏதாச்சும் கோளாறா இருந்திருக்கும்."

"கோளாறு இல்லம்மா. அளந்தவன் என் தம்பி."

அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

"அன்னைக்கு மானி ரொம்பிடுச்சு. அளந்து கொட்டிட்டு மறுபடி வச்சான். அதுவும் ரொம்பிச்சு. போன்ல ரெண்டையும் சொல்லிட்டு, 'தண்ணி ஏறுதுண்ணா, வந்துடவா?'ன்னான். 'இன்னும் ஒரு தடவை பாத்துட்டு வாடா, நம்பர் விட்டுப்போயிடக் கூடாது'ன்னு நான்தான் சொன்னேன்."

மூன்றாவது அளவு வரவில்லை. தம்பியும் வரவில்லை.

"அப்ப இது... ரெண்டு தடவை அளந்தது மட்டுமா சார்?"

"ஆமா. நிஜம் இதுக்கு மேல. எவ்வளவு மேலன்னு கேக்க ஆளில்ல."

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்கிறாள். அவர் அந்தப் புள்ளியையும் சேர்த்தே கோட்டைப் போட்டு அச்செடுக்கிறார். குறைந்தது இவ்வளவு என்பதற்கு அந்தத் தொழிலில் புள்ளியின் தலையில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு போடுவார்கள். அவர் பென்சிலை வைத்து இழுக்கிறார். அம்பின் கோடு தாளின் விளிம்பைத் தாண்டி, மேசைப் பலகையின் மேலும் போய்க்கொண்டே இருக்கிறது.