தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மருமகன்

பென்டியு அகதி முகாமில் ஞாருவாச்சைத் தெரியாதவர் கிடையாது. சண்டை ஊருக்குள் புகுந்த வருஷம் தலையில் ஒரு பானை, கையில் மகள் ஞாபொத் என்று வந்து சேர்ந்தவள். இப்போது முகாம் வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். பாதிப் பேர் உருண்டைக்காக வருவார்கள், மீதிப் பேர் அவள் வாயைக் கேட்க.

அடுப்புக்கு விறகு வேண்டும். அது வேலிக்கு வெளியே ஒரு மணி நேர நடையில் இருந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் விடியும் முன்பே கிளம்புவார்கள். வழியில் துப்பாக்கிக்காரர்கள் திரிந்தார்கள். வெளிநாட்டு அமைதிப்படையின் நீலத் தொப்பிச் சிப்பாய்கள் காவலுக்கு வரத்தான் செய்தார்கள், ஆனால் காலை ஒன்பது மணிக்கு. அதற்குள் பெண்கள் திரும்பியிருப்பார்கள். பாதையில் ஆடுகள்தான் மிச்சம்.

"பெரியவங்க தூர தேசத்து ஓட்டல்ல உக்காந்து நாலு தடவ சமாதானக் கையெழுத்து போட்டாச்சு," என்பாள் ஞாருவாச். "அந்த ஓட்டல்ல எவனும் வெறகு பொறுக்கல போல."

பெண்கள் மூன்று முறை அமைதிப்படை அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார்கள். அவர்கள் அரை மணி நேரம் பேசுவதை, மொழிபெயர்ப்பாளன் சுவோல் ஒரே வரியில் முடித்துவிடுவான். வேலை போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். அந்தச் சுவோல்தான் இரண்டு மாதம் முன்பு ஞாபொத்தைக் கட்டினான். அதிலிருந்து ஞாருவாச் அந்த அலுவலகப் பக்கமே போகவில்லை. அவர்களுடைய நுயேர் இன வழக்கத்தில் புது மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவள் கண்ணில் பட அவன் சாப்பிடுவது அதைவிடக் கேவலம்.

போன வாரம் இரண்டு பேர் ஞாபொத்தைத் துரத்தினார்கள். அவள் விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினாள்.

"வழக்கம் ஒரு நாள் பொறுத்துக்கும்," என்று ஞாருவாச் கிளம்பினாள்.

"மருமவன் அங்கதானடி இருப்பான்!" என்றாள் பக்கத்துக் குடிசை ஞாதாக்.

"இருக்கட்டும். அவன் வாய்தான் எனக்கு வேணும், மூஞ்சி வேணாம்."

அலுவலகத்தில், சிப்பாய்களின் கேப்டன் பாத்தர் கொடுத்த பிஸ்கட்டைச் சுவோல் அப்போதுதான் வாயில் போட்டிருந்தான். வாசலில் மாமியார். அடுத்த நொடி நாற்காலி உருண்டது. சுவோல் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான்.

தன் ஆள் அலறியடித்து ஓடியதைக் கண்ட கேப்டன், இவள் யாரோ பெரிய தளபதியின் மனைவி என்று முடிவு கட்டினான். எழுந்து நின்று சல்யூட் வைத்து, தன் நாற்காலியையே கொடுத்தான். அவளும் கூச்சமில்லாமல் உட்கார்ந்தாள்.

"ஒன்பது மணிக்கு நாங்க வீட்ல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருப்போம். அஞ்சு மணிக்கு வாங்க. வெளி வேலியத் தாண்டினதும் வர்ற வளைவுலதான் அவனுங்க நிக்கறானுங்க. என் பொண்ணு அங்கதான் ஓடினா," என்று தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்தையும் அவள் சொன்னாள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவோலின் குரல். மாமியார் பேச்சில் ஒரு சொல்லை வெட்ட அவனுக்குத் தைரியம் ஏது? அவள் பேசிய நேரமே அவனும் பேசினான். வாசலில் கூடியிருந்த பெண்கள் அன்றுதான் தங்கள் பேச்சு முழு நீளத்தில் போய்ச் சேருவதைக் கேட்டார்கள்.

கேப்டன் 'காலை ஐந்து' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் பணிவாக ஏதோ கேட்டான்.

"நீங்க... எந்தத் தளபதி வீட்டுக்காரங்கன்னு கேக்கறாரு," என்றது தொட்டி.

வாசலில் நின்ற ஞாதாக் கண்ணால் கெஞ்சினாள்: சும்மா இரு. ஞாருவாச் பேனாவைப் பார்த்தாள். பொய்யில் வந்த காவல் எத்தனை நாள் வரும்?

"உருண்டை விக்கறவ. ஒன் மாமியாருன்னு சொல்லு."

கேப்டன் தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அவரு ஊர்ல அவரோட அம்மா சாகற வரைக்கும் மாமனார் பேரச் சொல்லலையாம்," என்று கேப்டன் சொன்னதைச் சுவோல் ஈனக்குரலில் மொழிபெயர்த்தான். "மாமியாருக்கு இவ்வளவு பயப்படற ஆளு, அவங்க பேச்ச மாத்திச் சொல்லியிருக்க மாட்டானாம்."

பேனா ஓடியது.

திங்கள் கிழமை ஐந்து மணிக்கு இரண்டு வண்டிகள் நின்றன. முன் வண்டியில் சுவோல் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். பின் வண்டிக்கு முன்னால் பெண்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். வளைவில் ஒருவனும் இல்லை.

"ஒன் புருஷன்கிட்ட சொல்லு," என்றாள் ஞாருவாச் மகளிடம், முன் வண்டிக்கே கேட்கும்படி. "அந்த பிஸ்கட்ட நான் பாக்கவே இல்ல."