விளக்கு வைத்த பிறகு கேட்ட நெருப்பு

தோழிகளே, இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எழுமலையிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பும் வழியில் இன்று ஒரு தோப்பில் தங்கினோம். கையோடு கொண்டுவந்த சின்னத் தகர அடுப்பில் சுள்ளி அடுக்கிக் குழந்தைக்குக் கஞ்சி வைக்கப் பார்த்தால், கூஜா கவிழ்ந்து தீப்பெட்டி நனைந்திருந்தது. வண்டிக்காரரிடமும் இல்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

பக்கத்தில் தங்கியிருந்த குடும்பத்தின் அடுப்பு நன்றாக எரிந்தது. ஒரு கொள்ளி கேட்டேன்.

“விளக்கு வச்ச பெறகு அடுப்பு நெருப்பக் குடுத்தா லெச்சுமி போயிருவா. படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதாக்கும்?” என்றாள் அந்தக் குடும்பத்து அம்மாள்.

“பிள்ளை பசியில கெடக்குக்கா.”

“அதுக்கு எங்க குடியக் கெடுக்கணுமா?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவள் புருஷன் அதே அடுப்பில் குனிந்து பீடி பற்றவைத்தார்.

“அண்ணே, அந்தப் பீடியக் கொஞ்சம் குடுங்க” என்றேன்.

தோப்பே திரும்பிப் பார்த்தது. அவர் மிரண்டுபோய் நீட்டிவிட்டார். காய்ந்த தேங்காய் நாரில் வைத்து ஊதினேன், பற்றிக்கொண்டது.

குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறது. “பொம்பள பீடி வாங்குறா” என்று அந்த அம்மாள் இன்னும் ஏசுகிறாள். ஏசட்டும். கொள்ளியோடு போகிற லட்சுமி பீடியோடு மட்டும் ஏன் போகவில்லை? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.